ஐம்புலக் கள்வரும் உள்ளம் திருந்துதலும்: திருச்சுழியைச் சார்ந்த சைவப் பனுவல்களின் ஒரு மறுவாசிப்பு

ஆய்வுச் சுருக்கம்

பக்திநெறியில் ஐம்பொறிகளை இறைவழிபாட்டில் ஈடுபடுத்துவது உள்ளத்தைத் தூய்மை செய்யும் தொடக்கநிலைப் பயிற்சி என்றும், ஞானநெறி கைகூடியபின் அப்பயிற்சி கைவிடப்படும் என்றும் கருதும் போக்கு சைவ இலக்கிய ஆய்வுகளில் பரவலாக உள்ளது. விருதுநகர் மாவட்டத்தின் வறண்ட நிலப்பகுதியில் அமைந்த திருச்சுழி என்னும் தலத்தோடு தொடர்புடைய சுந்தரர், இரமணர் ஆகிய இருவரின் பாடல்களை முதன்மைச் சான்றுகளாகவும், அப்பர் தேவாரத்தையும் பெரியபுராணத்தையும் துணைச் சான்றுகளாகவும் கொண்டு இக்கட்டுரை அப்போக்கை மறுபரிசீலனை செய்கிறது. உள்ளத் தூய்மை என்பது பொறிகளை அகற்றுவதன்று, பொறிகளுக்கு உரியவர் மாறுவதே என்பது இக்கட்டுரையின் முடிபு.

முதன்மைச் சொற்கள்: ஐம்பொறி, உள்ளத் தூய்மை, திருச்சுழியல், சுந்தரர், திருவங்கமாலை, அட்சரமணமாலை, உபதேச உந்தியார், கோயில் நுழைவு.

முன்னுரை

ஐம்பொறிகளைப் பற்றித் தமிழில் இரண்டு மரபுகள் உள்ளன. ஒன்று அடக்குதல் மரபு. அறிவென்னும் தோட்டியால் ஐந்து யானைகளைக் காப்பவனை வள்ளுவர் நீத்தார் பெருமையில் போற்றுகிறார். அடக்கமுடைமையில் ஆமையை உவமையாக்குகிறார். மற்றொன்று ஈடுபடுத்துதல் மரபு. கண் காணட்டும், செவி கேட்கட்டும், வாய் வாழ்த்தட்டும் எனப் பொறிகளை ஏவும் பக்திப் பாடல்கள் இதைச் சார்ந்தவை. இவ்விரண்டையும் எதிரெதிராக நிறுத்துவதும், எதிராக நிறுத்தியபின் சமன்செய்யும் பொருட்டு ஒன்றைக் கீழ்ப்படியாகவும் மற்றொன்றை மேற்படியாகவும் அடுக்குவதும் ஆய்வுலகில் வழக்கமாகிவிட்டன. மலரிடுதலும் பாடுதலும் வலம்வருதலும் பக்குவமில்லாதவர்க்கு உரியவை. அகவிசாரணை பக்குவர்க்கு உரியது என்னும் முடிவு அந்த அடுக்கிலிருந்து எளிதாகப் பிறக்கிறது.

இம்முடிவைச் சோதித்துப் பார்க்கத் திருச்சுழி தக்க களமாகும். இவ்வூர் பாண்டிநாட்டுப் பாடல்பெற்ற தலங்கள் பதினான்கனுள் ஒன்று. சுந்தரர் இதனைப் பாடியுள்ளார். 1879 டிசம்பர் 30 அன்று வேங்கடராமன் என்னும் இரமணர் பிறந்த ஊரும் இதுவே. பக்திப் பாடலின் உச்சத்தில் நின்ற ஒருவரும், அகவிசாரணையின் ஆசிரியராக அறியப்பட்ட ஒருவரும் ஒரே ஊரோடு தொடர்புற்றிருப்பதால் படிநிலைக் கருத்தை இங்குப் பனுவல் கொண்டே ஆராய முடிகிறது. சுந்தரர் இரமணர்மீது கொண்ட தாக்கத்தை நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஒரே சிக்கலை இருவர் பாடல்களும் எவ்வாறு எதிர்கொள்கின்றன என்னும் ஒப்புநோக்கே இங்கு மேற்கொள்ளப்படுகிறது.

1. தலமும் நிலமும்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குச் செல்லும் வழியெங்கும் மானாவாரி நிலம். கண்மாய் நிறைந்தால் விளைச்சல், நிறையாவிட்டால் தரிசு. ஊரையொட்டி ஓடும் குண்டாறு ஆண்டின் பெரும்பகுதியும் மணலாகவே கிடக்கும். தலபுராணமோ ஒரு பிரளயத்தைப் பேசுகிறது. பெருகிவந்த வெள்ளத்தை இறைவன் தம் சூலத்தால் நிலத்தைத் துளைத்து உள்வாங்கச் செய்தார் என்றும், அந்தச் சுழியே ஊர்ப்பெயராயிற்று என்றும் அது கூறுகிறது. இறைவன் திருமேனிநாதர், அம்மை துணைமாலை நாயகி. திருமேனி, மாலை என்னும் இரு சொற்களும் கண்ணுக்கும் மூக்கிற்கும் தொடுகைக்கும் உரியவற்றைக் குறிக்கும் சொற்கள் என்பது கருதத்தக்கது.

ஏழாம் திருமுறையின் எண்பத்திரண்டாம் பதிகம் திருச்சுழியலுக்கு உரியது. அதன் முதற்பாடல் இறைவனை ஊனாகவும் உயிராகவும் அகன்ற நிலமாகவும் மழைபொழியும் வானமாகவும் மதியாகவும் விதியாகவும் காண்கிறது. தேனை விரும்பிய வண்டுகள் இசைக்கும் சோலையைத் தலத்தின் அடையாளமாக்குகிறது. அத்தலத்தைப் பலவாறாக நினைப்பவர்களை நமன் தமர் வருத்தார் என முடிகிறது. இன்றைய நிலத்தோற்றத்தைக் கொண்டு இச்சோலையை மிகை என ஒதுக்கவோ, இச்சோலையைக் கொண்டு பழைய வளத்தை அளவிடவோ வேண்டியதில்லை. இங்குக் கவனிக்கத்தக்கது வேறு. பாடலின் தொடக்கம் பொறிகளுக்குப் புலப்படும் பொருள்கள், இடைப்பகுதி நுகர்ச்சியும் இசையும், முடிபு நினைவு. புலனில் தொடங்கி நினைவில் முடியும் இவ்வொழுங்கில் முன்னது பின்னதற்காக விலக்கப்படவில்லை. வண்டின் ஒலியைக் கேளாமல் தலத்தை நினைக்கும்படி பாடல் கூறவில்லை. அந்த ஒலியோடு கூடிய தலமே நினைவுக்குப் பொருளாகிறது.

2. அங்கமாலை: நுகரும் பொறியும் தொண்டாற்றும் பொறியும்

சுந்தரரின் நிலையை விளக்குவதற்கு அவர்க்கு முற்பட்ட அப்பரின் திருவங்கமாலையை முதலில் நோக்க வேண்டும். நான்காம் திருமுறையில் அமைந்த இப்பதிகம் தலை, கண், செவி, மூக்கு, வாய், நெஞ்சு, கை, உடல், கால் என உறுப்புகளை வரிசையாக எடுத்துரைக்கிறது. ஐம்பொறிகளை இறைவனிடம் திருப்பும் பாடல் என்று இதனைப் பொதுவாகக் கூறுவர். அக்கூற்று சரியே, ஆயினும் போதுமானதன்று.

மூக்கிற்கு அப்பர் இடும் பணியை நோக்குக. மலரின் மணத்தை நுகர்க என்று அவர் கூறவில்லை, ஒலியெழுப்புக என்கிறார். வாய்க்குச் சுவை கூறப்படவில்லை, வாழ்த்துதல் கூறப்படுகிறது. ஊறு என்னும் புலனுக்கு இடமான உடல், திருநீற்றின் குளிர்ச்சியையோ தீர்த்தத்தின் தண்மையையோ பெறும்படி பணிக்கப்படவில்லை. கோயிலை வலம்வந்து மலரிடும்படி பணிக்கப்படுகிறது. பெறும் கருவிகளான அறிபொறிகளை அப்பர் செய்யும் கருவிகளாக மாற்றுகிறார். சைவ சித்தாந்தம் ஞானேந்திரியம், கன்மேந்திரியம் எனப் பிரிக்கும் இரண்டும் இப்பதிகத்தில் ஒன்றாகின்றன. புலன் தரும் இன்பத்தின் பொருளை மட்டும் மாற்றி, உலகப் பாடலுக்குப் பதில் தேவாரம், உலக மணத்திற்குப் பதில் கோயில் மணம் என வைப்பது இங்கு நிகழவில்லை. அவ்வாறு வைத்தால் நுகர்பவன் அப்படியே இருப்பான். நுகர்பொருள் மட்டுமே மாறியிருக்கும். அப்பர் மாற்றுவது நுகர்பவனை.

இப்பதிகம் முடியும் இடமும் முதன்மையானது. உறுப்புகளை எல்லாம் ஏவிய பாடல், இறுதியில் தேடியவனைத் தன் உள்ளேயே கண்டுகொண்டதாக முடிகிறது. அகத்தே காண்டல் என்னும் முடிபு ஞானநூல்களுக்கே உரியது எனக் கருதுவோர்க்கு இந்த இறுதிப்பாடல் தடையாக நிற்கும். அகத்தே கண்டபின் கண்ணும் கையும் காலும் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டதாக அப்பர் எங்கும் கூறவில்லை. உழவாரம் ஏந்திய அவர் வாழ்வும் அவ்வாறு கூற இடந்தரவில்லை.

3. காண்டலும் காணாமையும்

சுந்தரர் திருச்சுழியலுக்கு வந்த நிகழ்வைச் சேக்கிழார் கழறிற்றறிவார் நாயனார் புராணத்தில் அமைத்துள்ளார். சேரமான் பெருமாளோடு பாண்டிநாட்டுத் தலங்களை வழிபட்டுவரும் சுந்தரர், இராமேச்சுரத்தில் இருந்தபடியே கடலுக்கு அப்பாலுள்ள திருக்கேதீச்சுரத்தைப் பாடுகிறார். பின்னர்த் திருச்சுழியலை அடைகிறார். அங்குத் துயிலும்போது கையில் செண்டும் தலையில் சுழியமும் கொண்ட காளையாக இறைவன் கனவில் தோன்றித் தாம் இருப்பது கானப்பேர் என உணர்த்தி மறைகிறார். விழித்தெழுந்த சுந்தரர் காளையார்கோயில் எனப்படும் அக்கானப்பேரை நோக்கிப் பாடுகிறார்.

அப்பதிகம் ஏழாம் திருமுறையின் எண்பத்து நான்காவது. கானப்பேரில் உறையும் காளையைக் கண்டு தொழப்பெறுவது எந்நாளோ என்னும் ஏக்கம் பாடல்தோறும் மீள்கிறது. கையில் மலர்கொண்டு காதலோடு தொழும் நாளை அவர் எதிர்நோக்குகிறார். நிகழ்வின் ஒழுங்கை வகுத்துக் காண்பது பயன்தரும். திருச்சுழியலில் சுந்தரர் கண்ணால் இறைவனைக் கண்டாயிற்று. பின்னர்ப் புறக்கண் மூடிய நிலையில் கனவிலும் கண்டாயிற்று. படிநிலைக் கருத்தின்படி அகக்காட்சி மேலானது. அது கிடைத்தபின் புறக்காட்சிக்குத் தேவை இல்லை. ஆனால் கனவுக்காட்சி சுந்தரரிடம் விளைவித்தது நிறைவையன்று. மீண்டும் புறக்கண்ணால் காணும் வேட்கையையே. அகம் புறத்தைத் தேவையற்றதாக்கவில்லை. புறத்தை நோக்கி அனுப்பியது.

இவ்வேட்கையைப் பற்று என்று குறைகூறலாகாதா என்னும் வினா எழலாம். அதற்கான விடையைச் சேக்கிழார் தடுத்தாட்கொண்ட புராணத்தில் முன்னரே அளித்துள்ளார். தில்லைக் கூத்தன் திருமுன் நின்ற சுந்தரரின் நிலையைக் கூறும் இடத்தில், ஐந்து அறிவுகளும் கண்ணே ஆயின என்றும், அளவற்ற கரணங்கள் நான்கும் சிந்தையே ஆயின என்றும், மூன்று குணங்களும் சாத்துவிகமே ஆயின என்றும் அவர் அடுக்குகிறார். பொறி, கரணம், குணம் என்னும் இவ்வொழுங்கு உள்ளத் தூய்மை நிகழும் ஒழுங்காகவே உள்ளது. ஐந்தும் அழிந்தன எனச் சேக்கிழார் கூறவில்லை, ஒன்றாயின என்கிறார். ஒருமுகப்படுதலே தூய்மை. அது தொடங்கும் இடம் கண்.

அதே நூலின் கண்ணப்ப நாயனார் புராணத்தில் கண்ணே கொடைப்பொருள் ஆகிறது. கண்ணப்பர் வாயால் கொணர்ந்த நீரும், சுவைபார்த்துத் தேர்ந்த ஊனும் சிவகோசரியாரின் நோக்கில் தீட்டு. ஆகமத் தூய்மையை வழுவாது காத்தவர் சிவகோசரியார். ஆயினும் அன்பின் தூய்மையை மறைந்திருந்து காணுமாறு பணிக்கப்படுபவரும் அவரே. உறுப்பின் தூய்மையும் உள்ளத்தின் தூய்மையும் ஒன்றல்ல என்பதை இதைவிடத் தெளிவாகக் கூற இயலாது. நாவின் சுவையறிவு இப்புராணத்தில் அடக்கப்படவில்லை. அது தனக்கென உண்ணாமல் பிறர்க்கெனச் சுவைக்கிறது. பொறி அதுவே, உரியவர் மாறியுள்ளார்.

4. கழுவுதலும் திருத்துதலும்

'தூய்மை' என்னும் சொல் நம் மனத்தில் எழுப்பும் முதற்படிமம் நீராலானது. அழுக்கு ஏறிய ஒன்றைக் கழுவினால் அது முன்னிருந்த நிலைக்கு மீளும். இப்படிமத்தில் புலன்கள் அழுக்கு வந்துசேரும் வாயில்கள். எனவே வாயிலை அடைப்பதே அறிவுடைமை எனத் தோன்றும்.

இரமணர் 1927இல் இயற்றிய உபதேச உந்தியார் வேறொரு படிமத்தைப் பயன்படுத்துகிறது. தாருகவன முனிவர்களுக்குச் சிவபெருமான் உபதேசித்த வரலாற்றைப் பாடிவந்த முருகனார், அவ்வுபதேசப் பகுதியை இரமணரே பாடவேண்டும் என்று வேண்டியதால் பிறந்த முப்பது பாடல்கள் கொண்ட நூல் அது. பயன் கருதாது இறைவனுக்கு ஆக்கிய செயல் கருத்தைத் திருத்தி வீட்டுநெறியைக் காட்டும் என்பது அதன் மூன்றாம் பாடலின் கருத்து. இங்கு வரும் வினை கழுவுதல் அன்று, திருத்துதல்.

திருத்துதல் என்பது வேளாண் வழக்கிலும் உள்ள சொல். காட்டைத் திருத்தி நிலமாக்குவர். மேடுபள்ளத்தைத் திருத்தி நீர் நிற்கச் செய்வர். திருத்தும்போது மண் மாற்றப்படுவதில்லை. அதே மண் விளைச்சலுக்கு உரியதாகிறது. அப்பரும் உள்ளத்தை வயலாக உருவகித்த பாடலில் வாய்மையை உழவாகவும், விருப்பை வித்தாகவும், பொய்ம்மையைக் களையாகவும், பொறுமையைப் பாய்ச்சும் நீராகவும் அமைக்கிறார். அவ்வுருவகத்தில் விருப்பு நிற்கும் இடம் கருதத்தக்கது. விருப்பைக் களையாகப் பிடுங்கும்படி அப்பர் கூறவில்லை, விதைக்கச் சொல்கிறார். பிடுங்கப்படுவது பொய்ம்மை மட்டுமே. பொறிகளின் வேட்கையைப் பகையாகக் கருதும் வாசிப்பு இந்த வேறுபாட்டைத் தவறவிடுகிறது. மழையை நம்பி விதைக்கும் கரிசல் வேளாளர்க்கு இவ்வுருவகத்தை விளக்கவேண்டிய தேவையில்லை: வித்து இல்லாமல் களையெடுத்த நிலம் வெறும் தரிசு.

5. அட்சரமணமாலை: வீட்டினுள் புகும் இருவர்

படிநிலைக் கருத்தினர் இரமணரிடமிருந்து எடுத்துக்காட்டத்தக்க வலுவான சான்று அருணாசல அட்சரமணமாலையின் பதினொன்றாம் கண்ணி. ஐம்புலன்களாகிய கள்வர் வீட்டினுள் புகுந்தபோது வீட்டில் நீ இல்லையோ என்று அது அருணாசலரை வினவுகிறது. புலன்களைக் கள்வர் என்பதே இதன் நிலைப்பாடு எனில், பொறிகளை வழிபாட்டில் ஈடுபடுத்துவதற்கு இங்கு இடமில்லை என முடிவுகட்டலாம். ஆனால் இக்கண்ணி தனித்து நிற்பதன்று. முன்னும் பின்னும் உள்ள கண்ணிகளோடு சேர்த்துப் படிக்கும்போது அதன் பொருள் திசைமாறுகிறது.

மூன்றாம் கண்ணியில் வீட்டினுள் புகுபவர் புலன்கள் அல்லர், அருணாசலரே. அகத்தினுள் புகுந்து, ஈர்த்து, தம் அகக்குகையில் சிறைவைத்தவர் அவர். ஆகவே இம்மாலையில் அழையாமல் வீட்டினுள் புகுவோர் இருவர்: ஒருவர் இறைவன், மற்றவர் ஐம்புலன்கள். திருஞானசம்பந்தர் முதற்பதிகத்திலேயே இறைவனை உள்ளத்தைக் கவர்ந்த கள்வனாகக் காட்டியதால் கள்வன் என்னும் உருவகம் சைவமரபில் இருபொருள் தாங்கியது. இரமணர் அவ்விரு கள்வர்களையும் ஒரே வீட்டில் சந்திக்கச் செய்கிறார்.

எட்டாம் கண்ணி ஊர்சுற்றும் உள்ளத்தைப் பற்றியது. அது விடாது கண்டு அடங்கும்படி உன் அழகைக் காட்டு என்பது அங்குள்ள வேண்டுகோள். உள்ளம் அடங்குவதற்கு இரமணர் வேண்டுவது அடைப்பையன்று, காட்சியை. அடுத்து வரும் பத்தாம் கண்ணி, என்னைப் பிறர் இழுக்கும்போது நீ உறங்குவது உனக்கு அழகோ என முறையிடுகிறது. பதினொன்றில் அந்தப் பிறர் ஐம்புலக் கள்வர் எனப் பெயர் பெறுகின்றனர். பன்னிரண்டாம் கண்ணியோ முறையீட்டையே புரட்டிப்போடுகிறது: ஒருவனாகிய உன் கண்ணில் படாமல் ஒளித்து வரக்கூடியவர் யார்? இது உன் சூதே. கள்வர் எனப்பட்ட புலன்களும் அவ்வொருவனின் ஆடலுக்கு உட்பட்டவையே என்றாகும்போது, பதினொன்றாம் கண்ணியின் குற்றச்சாட்டு புலன்களை விட்டு இறைவன்மேல் சார்கிறது. முறையீடாகத் தொடங்கியது உரிமையாக முடிகிறது.

'அழகு' என்னும் சொல் இம்மாலையில் இரண்டு, எட்டு, பத்து ஆகிய கண்ணிகளில் வருவதும் நோக்கத்தக்கது. இரண்டாம் கண்ணி அழகும் சுந்தரமும் போல நாம் பிரிவின்றி இருப்போம் என்று வேண்டுகிறது. அழகு, சுந்தரம் என்பன ஒருபொருள் குறித்த இருமொழிச் சொற்கள். அவரின் தாயார் அழகம்மாள், தந்தையார் சுந்தரம் ஐயர் ஆகியோரின் பெயர்களும் அவையே. திருச்சுழியில் வழக்கறிஞராக இருந்த தந்தை மறைந்தது 1892இல். உறவுகளைத் துறந்து அருணாசலம் சென்றவர் எனப் போற்றப்படுபவரின் பாடலில், இறைவனோடு ஒன்றும் நிலைக்கு உவமையாக அமைவது திருச்சுழி வீட்டின் தாயும் தந்தையுமே. துறந்ததாகக் கருதப்பட்டது திருந்திய பொருளில் மீள்கிறது.

பதினைந்தாம் கண்ணியில் கண் பற்றிய சிந்தனை உச்சம் பெறுகிறது. கண்ணுக்குக் கண்ணாகவும் கண்ணின்றிக் காண்பவனாகவும் உள்ள உன்னைக் காண்பவர் எவர் என்பது வினா. சுந்தரருக்குக் கண் வேட்கை, சேக்கிழாருக்கு ஐந்தும் ஒன்றாகும் இடம், கண்ணப்பருக்குக் கொடை, இரமணருக்குக் காண்பவன் யார் என்னும் விசாரணையின் வாயில். விசாரணையும் கண்ணை விட்டு விலகிய இடத்தில் தொடங்கவில்லை.

இம்மாலை தோன்றிய சூழலும் இவ்வாசிப்புக்குத் துணைநிற்கிறது. விரூபாட்ச குகையில் இரமணர் வாழ்ந்த காலத்தில், ஊருக்குள் பிச்சைக்குச் செல்லும் அடியார்கள் பாடிச்செல்லும் பொருட்டு இது இயற்றப்பட்டது. நூற்றெட்டுக் கண்ணிகளும் நாவால் பாட, செவியால் கேட்க, காலால் நடக்க எழுந்தவை. புலன்களைக் கள்வர் என்னும் வரி நாவிலும் செவியிலும் காலிலும்தான் முதலில் வாழ்ந்தது. பெயரும் அவ்வாறே: அப்பருடையது அங்கங்களால் தொடுத்த மாலை, இரமணருடையது எழுத்துகளால் தொடுத்த மணமாலை. மணம் என்பது திருமணத்தையும் நறுமணத்தையும் ஒருங்கே குறிக்கும்.

6. உந்தியாரின் படிநிலை

இங்கு ஒரு வலுவான தடையை எதிர்கொள்ள வேண்டும். உபதேச உந்தியாரே பூசை, செபம், தியானம் ஆகிய மூன்றையும் உடல், வாக்கு, உள்ளம் ஆகியவற்றின் தொழில்களாக வகுத்து, ஒன்றைவிட ஒன்று உயர்ந்தது என்கிறது. வாய்விட்டுப் போற்றுதலைவிட மெல்லுச்சரிப்பும், அதைவிட மனத்தால் செபித்தலும் மேலானவை எனவும் கூறுகிறது. படிநிலைக் கருத்துக்கு இது வெளிப்படையான சான்று. இதனை மறைப்பது நேர்மையாகாது.

எனினும் இரண்டு செய்திகளை நோக்கவேண்டும். முதலாவது, உயர்வைக் கூறிய நான்காம் பாடலை அடுத்துவரும் ஐந்தாம் பாடல் எண்ணுருவாய் உள்ள யாவும் இறையுருவே என எண்ணி வழிபடுதலை நற்பூசை என்கிறது. நிலம், நீர், தீ, வளி, வெளி, ஞாயிறு, திங்கள், உயிர் ஆகிய அவ்வெட்டனுள் உயிர் தவிர்ந்தவை பொறிகளின் உலகைச் சார்ந்தவை. பூசையைக் கீழ்ப்படியாக வைத்தபின், பூசையின் எல்லையை உலகளவுக்கு விரிக்கிறார் இரமணர். நிலமாகவும் வானாகவும் மதியாகவும் உயிராகவும் இறைவனைக் கண்ட சுந்தரரின் சுழியல் பாடலோடு இப்பாடலை அருகருகே வைத்துப் படிக்கலாம். இரண்டாவது, மேற்படியை அடைந்தோர் கீழ்ப்படியை விடவேண்டும் என்று உந்தியார் விதிக்கவில்லை. உயர்வு தாழ்வு கூறுவது வேறு, விலக்குவது வேறு.

இதற்கு அவரின் வாழ்வும் சான்று. மதுரையில் சிறிய தந்தையார் வீட்டில் தங்கிப் பயின்ற காலத்தில் அவர் பெரியபுராணத்தை வாசித்தார். 1896 சூலையில் மரண அனுபவம் நிகழ்ந்தது. பி. வி. நரசிம்ம சுவாமி 1931இல் வெளியிட்ட வரலாற்று நூலின்படி, அதற்கு முன் அவர் மீனாட்சியம்மன் கோயிலுக்கு நண்பர்களோடு எப்போதாவது சென்றதுண்டு, உள்ளம் நெகிழ்ந்ததில்லை. அனுபவத்துக்குப் பின்னரோ ஏறக்குறைய நாள்தோறும் மாலையில் தனியே சென்று இறைவன் திருமுன்னும் அறுபத்துமூவர் திருவுருவங்கள் முன்னும் கண்ணீர் பெருக நின்றார். உணவின் சுவையில் இருந்த விருப்பு வெறுப்பு அதே காலத்தில் நீங்கியது என்றும் அந்நூல் குறிக்கிறது. தனக்கென நுகரும் நா ஓய்ந்தது. தொழும் கண் திறந்தது. பொறிவழிபாடு ஞானத்துக்கு முந்திய படி மட்டுமே எனில், இவ்வொழுங்கை விளக்க இயலாது.

7. யாருடைய கண்?

இவ்வாதம் பனுவல் சார்ந்தது மட்டுமன்று என்பதைக் குண்டாற்றின் கரையிலேயே, திருச்சுழிக்குக் கீழே உள்ள கமுதி நினைவூட்டுகிறது. வேங்கடராமன் மதுரைக் கோயிலில் கண்ணீர் வடித்து நின்ற 1896ஆம் ஆண்டுக்கு அடுத்த ஆண்டு, 1897 மே மாதத்தில், கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலினுள் நாடார் சமூகத்தினர் சிலர் நுழைந்து வழிபட்டனர். கோயிலின் பரம்பரை அறங்காவலரான இராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி வழக்குத் தொடர்ந்தார். கோயிலைத் தூய்மைப்படுத்தும் சடங்கின் செலவும் அவ்வழக்கில் கோரப்பட்டது. 1908இல் பிரிவி கவுன்சில் வரை சென்ற அவ்வழக்கு நுழைந்தவர்களுக்கு எதிராகவே முடிந்தது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் வைத்தியநாத ஐயர் தலைமையில் ஒடுக்கப்பட்ட சமூகத்தினரும் நாடார் சமூகத்தவரும் நுழைய 1939 சூலை 8 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கண்களே காணுங்கள் என்னும் அப்பரின் ஏவலில் எவருடைய கண் என்னும் வரையறை இல்லை. வரையறை வாயிலில் இருந்தது. சிவகோசரியார் கண்ணப்பரிடம் கண்ட தீட்டை அச்சடங்கு, தொழவந்த கண்களிடம் கண்டது. உள்ளத் தூய்மை என்னும் சொல்லை ஆராயும்போது, கோயில் தூய்மை என்னும் சொல் யாருக்கு எதிராகப் பயன்பட்டது என்பதையும் சேர்த்தே ஆராயவேண்டும்.

புறவழிபாடு கீழ்ப்படி என்று கூறுவது வாயில் திறந்திருப்பவர்க்கு எளிது. வாயில் அடைக்கப்பட்டவர் தொழுகையைக் கேட்டுப் போராடியபோது, அவர் கேட்டது கீழ்ப்படியை என்று பொருளாகுமா? காண்டலுக்காக வழக்காடியவர்களின் வேட்கையும், கானப்பேரைக் காண்பது எந்நாளோ என ஏங்கிய சுந்தரரின் வேட்கையும் ஒருவகைப்பட்டனவே. ஒன்றைத் திருமுறையாகப் போற்றி, மற்றொன்றைப் பக்குவமின்மையாகவோ வெறும் சமூக உயர்வு நாட்டமாகவோ மட்டும் மதிப்பிடும் ஆய்வு, தன் சான்றுகளையே அரைகுறையாகப் படிக்கிறது. சமூக உரிமைக் கோரிக்கை அதில் இருந்தது உண்மை. அதனால் வழிபாட்டு வேட்கை அதில் இல்லை என்றாகாது.

இன்றும் திருச்சுழியில் இரு வகையினரைக் காணமுடிகிறது. இரமணர் பிறந்த இல்லமான சுந்தர மந்திரத்தில் வெளியூர் அன்பர்கள் கண்மூடி அமர்ந்திருப்பர். சற்றுத் தொலைவில் திருமேனிநாதர் கோயிலுக்குச் சுற்றுப்புறச் சிற்றூர்ப் பெண்கள் மல்லிகைச் சரத்தோடு வந்து, விளக்கேற்றி, வலம்வந்து செல்வர். கள ஆய்வுக்குச் சென்ற முதல்முறை, முன்னவரை ஞானநெறி என்றும் பின்னவரைச் சடங்கு என்றும் இக்கட்டுரையாளரின் குறிப்பேடும் பிரித்தே எழுதியது. பனுவல்களைப் படித்தபின் அப்பிரிவைத் தக்கவைக்க இயலவில்லை.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படும் முடிவுகள் பின்வருமாறு அமைகின்றன. திருவங்கமாலையில் பொறிகள் நுகர்கருவி நிலையிலிருந்து தொண்டுக்கருவி நிலைக்கு மாற்றப்படுகின்றன. சுந்தரரின் சுழியல், கானப்பேர்ப் பதிகங்களில் அகக்காட்சி புறக்காட்சியை விலக்குவதில்லை. அதன்மேல் வேட்கையை வளர்க்கிறது. சேக்கிழார் பொறிகளின் ஒருமைப்பாட்டையே தூய்மையின் தொடக்கமாக்குகிறார். அட்சரமணமாலையின் ஐம்புலக் கள்வர் உருவகம் அடுத்த கண்ணியிலேயே தளர்ந்து, புலன்களும் இறைவன் ஆடலுக்கு உட்பட்டவை என்னும் தெளிவில் முடிகிறது. உபதேச உந்தியார் உயர்வு தாழ்வு கூறினும் பொறிவழிபாட்டைக் கைவிடச் சொல்லவில்லை.

எனவே பக்தி பொறியைப் பயன்படுத்துகிறது, ஞானம் பொறியைக் கடக்கிறது என்னும் வாய்பாடு இப்பனுவல்களுக்குப் பொருந்தாது. வீட்டில் உரியவர் உறங்கும்போது உள்ளே வருபவர் கள்வர். உரியவர் விழித்திருக்கும்போது அதே வாயில் வழியாக வருபவர் தொண்டர். மாறவேண்டியது வாயிலன்று. சித்தர் பாடல்களிலும் வைணவப் பாசுரங்களிலும் இதே வினாவை எழுப்பி ஆராயும் பணி எஞ்சியுள்ளது. அதனை மேற்கொள்வோர் கோயிலின் வாயிலையும் மறவாது கருத்தில் கொள்ளுதல் வேண்டும்.